ஆரோடையும் ஒட்டுற சாமான்

நல்லூர்த் தேர் முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிய அப்பா, பயணப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஸ்டீரியோவைப் பார்த்தார். எங்களை அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

"பேஸை ஆர் கூட்டினது?"

அது ஒரு ஜப்பான் அம்பிளிஃபையர். இரண்டு பக்கமும் அலுமாரிப் பருமனில் இரண்டு ஸ்பீக்கர்கள். அப்பா அதை வாங்கியது கலியாணம் கட்டுவதற்கு முன். இந்த வீட்டில் தன்னைவிட மூத்த உரிமை அதற்குத்தான் என்பதில் அம்மாவுக்கு இன்றுவரை ஒரு மனக்குறை உண்டு. பேஸ் குமிழில் இருக்கும் வெள்ளைக் கோடு எந்நாளும் நேர் மேலே பார்த்து நிற்கும். அன்றைக்கு அது வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கொஞ்சம் என்றால், கடிக்க வந்த நுளம்பு ஒன்று இருந்து எழும்பிப் போன அளவு.

"தூசி துடைக்கேக்க கை பட்டிருக்கும் அப்பா," என்றேன்.

"ஆர் துடைச்சது?"

"நான்தான்."

அப்பா என்னை நீளமாகப் பார்த்தார். நான் தூசி துடைத்தேன் என்பது பேஸ் கூடியதைவிடப் பெரிய சந்தேகத்துக்குரிய விஷயம் என்பது, சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அப்பாவின் பெயர் நமசிவாயம். அரசாங்கக் கணக்காய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலையிலிருந்துதான்; சந்தேகத்திலிருந்து அவருக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. பால்மா பைக்கற்றைக் கையில் தூக்கி நிறை பார்ப்பார். கடலோரத்து ரயில் நேரத்துக்கு வந்தால், ஏன் என்று கேட்பார்.

குனிந்து அம்பிளிஃபையரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அங்கே நெருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான். அதிலிருந்து புறப்பட்ட வயர் சிவப்பும் வெள்ளையுமாகப் பிரிந்து அம்பிளிஃபையரின் முதுகில் ஏறியிருந்தது. நெற்றியில் ஒரு நீல வெளிச்சம் மினுங்குவதும் அணைவதுமாக இருந்தது.

"உது என்ன?"

"புளூடூத் அடாப்டர் அப்பா. கசட் பிளேயர் நாடாவைச் சாப்பிடுதெண்டு கவலைப்பட்டியள்தானே. இனி கசட்டே தேவையில்லை. போனில நாதஸ்வரத்தைப் போட்டா வயர் இல்லாமலே இதில கேக்கும்."

போட்டுக் காட்டினேன். ஸ்பீக்கருக்குள்ளிருந்து முதலில் ஒரு பெண் குரல், எந்த நாட்டு இங்கிலிஷ் என்று சொல்ல முடியாத இங்கிலிஷில், "கனெக்டட்" என்றது.

"ஆர் அந்தப் பொம்பிளை?"

"அது மெசின் அப்பா. போன் ஒண்டு வந்து சேர்ந்தா அப்பிடிச் சொல்லும்."

பிறகு நாதஸ்வரம் வந்தது. கசட்டில் வந்தது போல மூச்சுத் திணறிக்கொண்டு அல்ல. கோயில் வீதியில் நிற்கிற மாதிரி. அப்பாவின் முகம் இளகியது. கை தன்பாட்டில் துடையில் தாளம் போட்டது. கையைக் கண்டதும் அவர் அதை நிறுத்தினார்.

"நல்லாத்தான் கேக்குது. ஆர் பூட்டினது?"

"நான்தான்."

"பல்ப் மாத்திறதுக்கே கீழ போய் வாட்ச்மேன் மல்லியைக் கூட்டிக்கொண்டு வாறனி நீ." அவர் விரலால் அம்பிளிஃபையரின் முதுகைத் தடவினார். "உப்புக் காத்துக்கு இந்த சொக்கற் எல்லாம் பச்சை பிடிச்சுக் கிடந்தது. இப்ப மினுங்குது. மெதுவாச் சுரண்டி, துணியால துடைச்சு, பிறகுதான் பூட்டியிருக்கு. இது ஒரு பொறுமையான கை. எங்கட வீட்டில அப்பிடி ஒரு கை இல்லை."

குசினியில் நின்ற தாரிகா அக்கா ஒரு கோப்பையை மிகக் கவனமாகக் கழுவத் தொடங்கினாள். அது ஏற்கனவே கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பை.

அந்தப் பொறுமையான கை மிதுஷன் அண்ணாவுடையது. கொட்டாஞ்சேனை ஆள், ஒரு தொலைபேசிக் கம்பெனியில் இன்ஜினியர். அவரும் அக்காவும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். எங்கள் குடும்பத்துக்கே உரிய எச்சரிக்கையோடு, முதலில் இரண்டு பேரின் சாதகக் குறிப்பையும் ஒரு சாத்திரியாரிடம் கொடுத்துப் பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் காதலிக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல முடியாது. பெரியம்மாவின் மகள் உஷாந்தி அப்படித் தன் காதலைச் சொன்னவள். அப்பா அவளுடைய கலியாணத்துக்குப் போகவில்லை. இன்றைக்கும் அவள் பெயர் எடுபட்டால் ரீவியில் செய்தியின் சத்தத்தைக் கூட்டுவார். காதலில் அவருக்கு என்ன பிழை தெரிந்ததென்று எனக்குத் தெரியாது. தான் விசாரிக்காமல் ஒரு முடிவு எடுபட்டுவிட்டது என்பதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

அதனால் அவர்கள் இரண்டு பேரும், எங்கள் ஆக்களில் பாதிப்பேர் செய்வதைச் செய்தார்கள். காதலுக்குப் பேச்சுக்கலியாணத்தின் உடுப்பைப் போட்டு விட்டார்கள். சம்பந்தம் பேசுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் சுபோதினி அன்ரியின் காதில், வேறு வேறு வாய்களின் வழியாக, இரண்டு குறிப்பும் போய் விழும்படி பார்த்துக்கொண்டார்கள். இது தானே தோண்டி எடுத்த சம்பந்தம் என்று நம்பி அன்ரி அப்பாவிடம் கொண்டு வந்தா. அப்பா விசாரித்தார். கொட்டாஞ்சேனைக் கோயிலில் விசாரித்தார். பெடியன் வேலை செய்யும் கந்தோருக்கு முன்னாலுள்ள தேத்தண்ணிக் கடையில் விசாரித்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. குறை அகப்படாதது அவருக்கு ஒரு குறையாக இருந்தாலும், பெண் பார்க்க வரச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பார்க்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் நல்லூரில் நின்ற நேரம், வரப்போகும் மாமனாரின் கசட் பிளேயர் துயரத்தைக் கேட்டு மனம் உருகி, மிதுஷன் அண்ணா அடாப்டரும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். முழு நேரமும் நானும் வீட்டில்தான் இருந்தேன். அதை இவ்விடத்தில் பதிந்து வைப்பது நல்லது. சொக்கற்றைத் துடைத்தார். பூட்டினார். தன் போனைச் சேர்த்துப் பாட்டுப் போட்டார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, தொட வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, பேஸை ஒரு நுளம்பளவு கூட்டினார்.

அடுத்த நாள் அப்பா அடாப்டரைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, காலி வீதியில் போன் சாமான் விற்கும் அஸாமின் கடைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாட்சி ஒன்று பக்கத்தில் இருப்பது அவருக்குப் பழக்கம்.

"தம்பி, இது நாங்கள் கதைக்கிறதைக் கேக்குமோ?"

"இல்ல சேர், பயப்பட வாணாம். இதுக்கு வாய்தான் இரிக்கி. காது இல்ல."

"நினைவு இருக்கோ?"

நான் தொங்கவிட்டிருந்த சார்ஜர்களை ஒவ்வொன்றாகப் பார்வையிடத் தொடங்கினேன்.

"நினைவு சோக்கா இரிக்கி சேர். ஒரு தரம் ஒரு போனைச் சேத்தா மறக்காது. அந்தப் போன் பொறகு கிட்ட வந்தா, அதுல புளூடூத் ஓன்ல இரிந்தா, தானே பிடிச்சிக்கொள்ளும். புதுப் போன் எண்டா பட்டனை அமத்தித்தான் சேக்கணும். சும்மா ரோட்டால போற போன் ஒண்டும் வந்து ஒட்டாது."

"அப்ப, முந்தி ஒருக்கா வந்து போன ஆள் திரும்பி வந்தா இது சொல்லும்."

"சத்தமாச் சொல்லும் சேர். பொம்பிளைப் புள்ளட சத்தத்துல." அஸாமுக்கு வியாபாரம் ஒன்று நடக்கும் போலத் தெரிந்தது. "வெள்ளைக் கலர்லயும் இரிக்கி. பாக்கிறீங்களா?"

அப்பா கலர் பார்க்கவில்லை. அந்தக் கறுப்புச் சாமானைத் திரும்பப் பேப்பரில் சுற்றிய விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. நீண்ட காலத்துக்குப் பிறகு, தனக்குக் கீழே ஒரு நல்ல உத்தியோகத்தர் கிடைத்துவிட்ட மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் கட்டளை பிறந்தது. எல்லோரும் போனில் புளூடூத்தை நிப்பாட்ட வேண்டும். அடாப்டர் மட்டும் இரவும் பகலும் ஓனில் இருக்கும். அப்பா தன் பேப்பரையும் கதிரையையும் ஸ்டீரியோவுக்கு முன்னால் நகர்த்தினார். அடாப்டரின் பட்டனை அமத்திப் பிடித்தால் நினைவு அழியும் என்று எனக்குத் தெரியும். அழியும்போது அந்தப் பொம்பிளை அதையும் சத்தமாக அறிவிப்பாள் என்றும் தெரியும். அப்பா பகல் நித்திரையையும் அந்தக் கதிரைக்கே மாற்றியிருந்தார்.

வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் நீல வெளிச்சத்தின் முன்னால் நிறுத்தப்பட்டார்கள்.

"இஞ்சருங்கோ," அம்மா குசினியிலிருந்து கேட்டா, "காஸ் கொண்டு வந்த பெடியனை சோபாவில இருத்தி வச்சு என்ன செய்யிறியள்?"

"களைச்சுப் போய் வந்திருக்கிறான். இருக்கட்டும். தம்பி, போன் வச்சிருக்கிறீரோ? புளூடூத் போட்டிருக்கோ? ஒருக்காப் போடும் பாப்பம்."

என்னோடு கம்பஸில் படிக்கும் முர்ஷித் நோட்ஸ் வாங்க வந்தான். அவனையும் கிட்டக் கூப்பிட்டு, போனை எடுக்கச் சொல்லி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி நடக்க வைத்தார். லிஃப்ட் வாசலில் முர்ஷித் என் காதுக்குள் கேட்டான்.

"மச்சான், ஒங்கட வாப்பாக்கு என்ன நடந்த?"

"கணக்காய்வு," என்றேன்.

அந்தப் பொம்பிளை யாருக்கும் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காதது அப்பாவுக்கு அவள்மேல் நம்பிக்கையைக் கூட்டிக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா சேலையோடு தன் அறையில் நின்று, மிதுஷன் அண்ணா அனுப்பிய மெசேஜை எனக்குக் காட்டினாள்: 'புளூடூத் ஓஃப். சத்தியமா.'

"அவர் மறந்திருவாரோடா?"

"சத்தியமெண்டு போட்டிருக்கிறார்தானே."

"அதுதான் பயமாக் கிடக்கு," என்றாள். "அப்பாக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது. உஷாந்தி அக்கான்ர பேருக்குச் செய்தியைக் கூட்டினவர் என்ர பேருக்கு ரீவியையே உடைப்பார்."

லிஃப்டிலிருந்து முதலில் சுபோதினி அன்ரி இறங்கினா. பின்னால் மிதுஷன் அண்ணாவின் அம்மா, பாக்கியலெட்சுமி அன்ரி. நிமிர்ந்த நடை, வாசலில் நின்றபடியே எங்கள் செருப்புத் தட்டிலிருந்து மேல்சுவர் வரை ஒரு தரம் பார்த்து முடித்த கண். அப்பாவுக்கு ஏற்ற சம்பந்தி என்று அப்போதே எனக்குப் பட்டது. கடைசியாக மிதுஷன் அண்ணா. நடிப்பு அளவுக்கு மிஞ்சி நன்றாக இருந்தது.

"இது எத்தினையாம் மாடி அங்கிள்?" என்று கேட்டார். லிஃப்டில் பட்டனை அமத்தி வந்தவர் அவர்தான்.

"நாலாம் மாடி. வாரும், உள்ள வாரும்," என்றார் அப்பா.

மிதுஷன் அண்ணா வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

"கனெக்டட்," என்றாள் அந்தப் பொம்பிளை.

பிறகு இரண்டு ஸ்பீக்கரிலும், அலுமாரிப் பருமனில், ஒரு தேவாரம் நடு அடியிலிருந்து புறப்பட்டது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பம்பலப்பிட்டியில் வாகனங்களுக்குள் மாட்டுப்பட்டு நின்றபோது பாக்கியலெட்சுமி அன்ரி, நல்ல காரியத்துக்குப் போகிறோம், காரில் தேவாரத்தைப் போடு என்று சொல்லியிருக்கிறா. காரில் பாட்டு வருவது போனின் புளூடூத் வழியாகத்தான். பெண் பார்க்கப் போகும் வழியில் அம்மா கேட்ட தேவாரத்தை முடியாது என்று சொல்லும் மகன் கொட்டாஞ்சேனையில் இன்னும் பிறக்கவில்லை. போட்டவர், பிறகு நிப்பாட்ட மறந்துவிட்டார்.

"பாருங்கோ! பாருங்கோ!" சுபோதினி அன்ரி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டா. "மாப்பிளை கால் வைக்கத் தேவாரம்! இதைவிட என்ன சகுனம் வேணும் அண்ணை?"

பாக்கியலெட்சுமி அன்ரியும் கண்ணை மூடிக் கும்பிட்டா. பிறகு ஒரு கண் மட்டும் திறந்தது.

"தம்பி, கார்ல நிண்ட இடத்தில இருந்தெல்லே இது தொடங்குது?"

மிதுஷன் அண்ணா காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ அமத்தினார். "டிஸ்கனெக்டட்," என்றாள் அவள். அவளுக்கு ஒளிவு மறைவு என்று ஒன்றும் கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கீழே கடலோரத்தால் ரயில் போனது. ரயில் போகும்போது எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை; யன்னல் கண்ணாடி கதைக்கும். எல்லோருக்கும் யோசிக்க நேரம் கிடைத்தது. அப்பாவுக்கும் கிடைத்தது என்பதுதான் பிரச்சினை.

ரயில் போய் முடிந்தது.

"தம்பி, தேவாரம் நல்லாயிருந்தது. ஏன் நிப்பாட்டினீர்?" அப்பாவின் குரல் மிக மிக மரியாதையாக இருந்தது. "போனை வெளியால எடும். இப்ப புளூடூத்தைப் போடும்."

"கனெக்டட்."

"நிப்பாட்டும்."

"டிஸ்கனெக்டட்."

"திரும்பப் போடும்."

"கனெக்டட்."

ஒரு தரம் கண்டதைக் கண்டதாக அப்பா எழுதமாட்டார். இரண்டாம் தரமும் சரி வந்தபோது அவர் சொக்கற்றைப் பார்த்தார், பேஸ் குமிழைப் பார்த்தார், கடைசியில் மிதுஷன் அண்ணாவின் கையைப் பார்த்தார். அந்தக் கை போனைத் திரும்பப் பைக்குள் போடுவதா வேண்டாமா என்று நடுவழியில் நின்றது. பொறுமையான கைதான், அப்பாவிடம் இவ்வளவு பொறுமையை அது எதிர்பார்க்கவில்லை.

குசினி வாசலில் அக்கா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பாக்கியலெட்சுமி அன்ரி மகனைப் பார்த்தா, தட்டைப் பார்த்தா, தட்டைப் பிடித்திருந்தவளையும் பார்த்தா.

"அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன். இவன் முந்தி உங்கட வீட்டுக்கு வந்தவனோ?"

அப்பா இவ்வளவு நாளும் தேடிய பதில் அவர் கையில் இருந்தது. சொல்லுவதற்கு எல்லா ஆதாரமும் இருந்தது. அவர் அக்காவைப் பார்த்தார். அவள் கெஞ்சவும் இல்லை, தலை குனியவும் இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாய் தகப்பன் இல்லாத நேரம் ஒரு பெடியன் வீட்டுக்கு வந்தான் என்றால் பெடியனுக்கு ஒன்றும் ஆகாது. பெட்டையின் பெயர்தான் வெள்ளவத்தையில் ஏறிக் கொட்டாஞ்சேனையில் போய் இறங்கும். அதைக் கணக்குப் பார்க்க அப்பாவுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"சீச்சீ," என்றார். "இது மலிவுச் சாமான் தங்கச்சி. காஸ் கொண்டு வாற பெடியன்ர போனும் இதில பாடும். ஆரோடையும் ஒட்டும்."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். பழக்கமில்லாதவர் சொன்னது போல இல்லை. காஸ் பெடியன் சோபாவில் வியர்த்துக்கொண்டு இருந்ததும், அந்தப் பொம்பிளை மூச்சுக்கூட விடாததும் எனக்கும் அவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். இரண்டு பேரும் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா பலகாரம் எடுத்து வைத்தா. அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேள்வி கேட்காத அப்பாவை நான் அதற்கு முன் கண்டதில்லை. காஸ் பெடியனுக்கு வந்த வியர்வை அப்போது எனக்கும் வந்தது.

போக எழும்பும்போது சுபோதினி அன்ரி கேட்டா. "அப்ப என்ன சொல்லுறியள் அண்ணை?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

எங்கள் பாஷையில் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான்: வேண்டாம். அக்கா அறைக்குள் போய், அப்பாவின் கட்டளையை மறந்து போனில் புளூடூத்தைப் போட்டு, காதில் வயரில்லாத இயர்பட்டைச் செருகிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். அப்பா அவர்களை வழியனுப்ப லிஃப்டில் இறங்கினார்.

கதவு சாத்திய பிறகுதான் அம்மா கண்டா. "ஐயோ, பலகாரப் பை! பிள்ளை, ஓடிப் போய்க் குடுத்திட்டு வா. தம்பி, நீயும் போ."

அக்கா காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு கையில் போனும் மற்றக் கையில் பையுமாக வந்தாள். நாங்கள் கீழே போனபோது, ஒழுங்கையில் மிதுஷன் அண்ணா காருக்குள் ஏறியிருந்தார். அப்பா முன்சீட் யன்னலில் குனிந்து பாக்கியலெட்சுமி அன்ரிக்குப் போய்வரச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பையை நீட்டினாள்.

மிதுஷன் அண்ணா காரை ஸ்டார்ட் பண்ணினார்.

அவருடைய போனில் புளூடூத் ஓஃப். இந்தத் தரம் உண்மையாகவே ஓஃப். கார் சுற்றிவரத் தேடியது. தனக்குத் தெரிந்த அடுத்த போன் ஒரு முழம் தள்ளி நின்றது. முன்னாலிருந்த திரை வெளித்து, பெரிய எழுத்தில் 'தாரிகா' என்று காட்டியது. அக்கா மேலே கேட்டுக்கொண்டிருந்த பாட்டு, ஒரு பெரிய அழுகைப் பாட்டு, நடு அடியிலிருந்து கார் முழுக்க நிறைந்தது.

அக்கா போனைத் தட்டி நிப்பாட்டினாள். பாட்டு நின்றது. பெயர் நின்றுகொண்டே இருந்தது.

பாக்கியலெட்சுமி அன்ரி திரையை வாசித்தா. மகனைத் திரும்பிப் பார்த்தா. அவர் ஸ்டியரிங்கை, வாழ்க்கையில் முதல் தடவை காண்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு அதே திரையை வாசித்தார். உங்கள் காருக்கு எங்கள் பிள்ளையின் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்க அவர் வாயைத் திறந்ததை நான் கண்டேன்.

பாக்கியலெட்சுமி அன்ரி முந்திக்கொண்டா.

"இதுவும் மலிவுச் சாமான்தான் அண்ணை," என்றா, முகத்தில் ஒரு கோடும் அசையாமல். "ஆரோடையும் ஒட்டும்."

அப்பா கண்ணாடியைத் திரும்ப மேலே ஏற்றினார்.

"ஓம்," என்றார் பிறகு. "ரெண்டும் ஒரே கடையில வாங்கினது போல."

அவர் சிரித்தார் என்று நான் சொல்லமாட்டேன். சிரித்ததற்கான ஆதாரங்கள் இருந்தன.

"வாற கிழமை நாங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் வாறம்," என்றார். "நாள் ஒண்டு பாப்பம்."

அக்காவின் கையிலிருந்த பை யன்னல் வழியாக அன்ரியின் மடியில் விழுந்தது. பின்சீட்டில் சுபோதினி அன்ரி மட்டும் பூரித்துப்போய் இருந்தா. "முன்பின் தெரியாத ரெண்டு குடும்பம்! என்ன பொருத்தம் பாருங்கோ!"

மேலே வந்ததும் அப்பா ஸ்டீரியோவுக்கு முன் குனிந்தார். தான் நேராக்கி வைத்திருந்த பேஸ் குமிழை, மெதுவாக, ஒரு நுளம்பளவு வலப்பக்கம் திருப்பினார். என்னை நாதஸ்வரம் போடச் சொன்னார். "கனெக்டட்" என்றவளுக்குத் தலையை ஆட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்து கேட்டார்.

"பேஸ் கூடத்தான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா தவில் நல்லா விழுது."

குமிழ் அப்படியே இருந்தது. அக்கா குசினியில் உண்மையாகவே ஊத்தையான கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நைசாக என் அறைப் பக்கம் நகர்ந்தேன்.

"அபிஷன்."

"என்னப்பா?"

அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"உன்ர போன் ஆரின்ர வீட்டில ஒட்டும்?"

அடுத்த நாள் காலை நான் அஸாமின் கடைக்குப் போய், வயர் போட்ட ஹெட்செட் ஒன்று வாங்கினேன்.